பெரிய டவுன்லோட் போட்டாலே நெட் கட் ஆகுதா? எந்த இடத்துல அறுந்து விழுதுன்னு கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் நல்லாத்தான் ஓடும். 80 ஜிபி கேம் ஒன்ன ஸ்டீம்ல போட்டாலோ, போன்ல இருக்க போட்டோ மொத்தத்தையும் பேக்கப் ஏத்தினாலோ, டோரன்ட்ல கை வச்சாலோ கொஞ்ச நேரத்துல நெட் படுத்துரும். கஸ்டமர் கேருக்கு அடிச்சா "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"னுவாங்க, பண்ணுவோம், வந்துரும், மறுபடி டவுன்லோட் போட்டா மறுபடி அதே கதைதான்.

இதுல ஒன்னு புரிஞ்சுக்கணும். டவுன்லோட் பண்றதால நெட் கெட்டுப்போகாது. ஏற்கனவே நோஞ்சானா இருக்க ஏதோ ஒரு பார்ட்டை அந்த லோடு காட்டிக்கொடுக்குது, அவ்ளோதான். அந்த பார்ட் வைஃபையா, கேபிளா, அடாப்டரா, ரவுட்டரா, வெளிய வர்ற ஃபைபரான்னு தெரியாம புது ரவுட்டர் வாங்குறதும் பெரிய பிளானுக்கு மாறுறதும் தண்டச் செலவு. நான் இங்க சொல்றது நம்ம ஊர் வீடுகள்ல இப்போ பரவலா இருக்க ஃபைபர் கனெக்ஷனுக்கு, அதாவது சுவத்துல ஒரு வெள்ளை பாக்ஸ், அதுக்குள்ள மெல்லிசா ஒரு ஃபைபர் வயர், கூடவே வைஃபையும் சேர்ந்து இருக்கு இல்லன்னா தனியா ஒரு ரவுட்டர் இருக்கு, அந்த மாதிரி செட்டப்.

ஸ்டெப் 1: கட் ஆனதும் உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீங்க

நெட் போனதும் கை நேரா சுவிட்சுக்குத்தான் போகும். போகக்கூடாது. ரீஸ்டார்ட் பண்ணா பெரும்பாலான ரவுட்டர்ல லாக் அழிஞ்சுரும், லைட் எப்படி எரிஞ்சுதுங்கிறதும் போயிரும், நமக்கு இருக்க ஒரே தடயம் அதுதான். ஒரு நிமிஷம் பாக்ஸ் முன்னாடி நின்னு பாருங்க.

லாஸ் (LOS)னு எழுதியிருக்க லைட் சிவப்புல எரிஞ்சா இல்லன்னா மின்னுனா ஃபைபர்ல வெளிச்சம் வரல, வைஃபையையும் ரவுட்டரையும் நோண்டி பிரயோஜனம் இல்ல, நேரா ஸ்டெப் 7 போயிருங்க. பான் (PON) லைட் மின்னிக்கிட்டே இருந்தா நெட் கம்பெனி பக்கத்து மெஷினோட இது இன்னும் கைகோர்க்கல, அதுவும் அதே பக்கம்தான். எல்லா லைட்டும் ஒரு செகண்ட் அணைஞ்சு மொத்தமா திரும்ப வந்தா பாக்ஸ் தானா ரீபூட் ஆகுது, அது ஸ்டெப் 5. லைட் எல்லாம் பச்சையா ஜம்முனு இருக்கு ஆனா லேப்டாப்ல மட்டும் நெட் இல்லன்னா வைஃபை, கேபிள், இல்லன்னா க்யூ பிரச்சனை (க்யூன்னா என்னன்னு ஸ்டெப் 6ல இருக்கு).

அப்படியே இன்னொன்னும் பாருங்க, அதே நேரத்துல வீட்ல இருக்க இன்னொரு போன்ல நெட் வருதா? மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு பாக்கணும், இல்லன்னா போன் நைசா டேட்டாவுக்கு தாவிட்டு "எனக்கு வருதே"ன்னு சொல்லும். போன்ல வருது லேப்டாப்ல மட்டும் போச்சுன்னா உங்க கம்பெனிக்காரரை திட்டுறத தற்காலிகமா நிறுத்தி வைங்க.

ஸ்டெப் 2: மூணு பிங், மூணு விண்டோ

இந்த வழிகாட்டியில ஒன்னே ஒன்னு மட்டும் பண்ணுவீங்கன்னா இத பண்ணுங்க. செலவு கிடையாது, பாதி குழப்பம் இங்கயே தீர்ந்துரும்.

விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig)னு இங்கிலீஷ்ல அடிச்சு எண்டர் தட்டுங்க. டிஃபால்ட் கேட்வேன்னு ஒரு நம்பர் வரும், பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1 மாதிரி இருக்கும், அதுதான் உங்க ரவுட்டர். அடுத்து ட்ரேசர்ட்னு அடிச்சு (ஸ்பெல்லிங் tracert) ஒரு ஸ்பேஸ் விட்டு 8.8.8.8 போடுங்க (அது கூகுளோட சர்வர்), வர்ற லிஸ்ட்ல முதல் வரி உங்க ரவுட்டர், ரெண்டாவது வரி பெரும்பாலும் கம்பெனிக்காரரோட முதல் மெஷின். வீட்ல ஃபைபர் வர்ற வெள்ளை பாக்ஸும் (ஓஎன்டி) தனி ரவுட்டரும் ரெண்டுமே ரவுட்டரா வேலை செஞ்சா ரெண்டாவது வரியும் உங்க வீட்டு பாக்ஸாதான் இருக்கும், அதுவும் 192.168ல ஆரம்பிச்சா மூணாவத எடுத்துக்கோங்க.

பிங்ங்கிறது ஒரு மெஷினை "இருக்கியா"ன்னு கேட்டு, பதில் வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு காட்டுற கமாண்ட். இப்போ மூணு விண்டோ திறந்து ஒவ்வொன்னுலயும் பிங், ஸ்பேஸ், மைனஸ் டி, ஸ்பேஸ், அட்ரஸ்னு (ping -t 8.8.8.8 மாதிரி) போட்டு ஓட விடுங்க. முதல் விண்டோல ரவுட்டர், ரெண்டாவதுல கம்பெனி மெஷின், மூணாவதுல 8.8.8.8. மைனஸ் டி போட்டா நீங்க கன்ட்ரோல் சி அழுத்துற வரைக்கும் நிக்காம ஓடும். அப்புறம் பெரிய டவுன்லோட் ஒன்ன ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்பீட் டெஸ்ட் இதுக்கு உதவாது, அது அரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுரும், நமக்கு வேணுங்கிறது பத்து இருபது நிமிஷம் நிக்காம இழுக்குற லோடு. ஸ்டீம் கேமோ, உபுண்டு ஐஎஸ்ஓ ஃபைலோ எது வேணா இருக்கட்டும்.

கட் ஆகும்போது மூணு விண்டோவையும் ஒரே பார்வையில பாருங்க.

மூணுலயும் ரிக்வெஸ்ட் டைம்டு அவுட், இல்லன்னா ஜெனரல் ஃபெயிலியர்னு வந்தா உங்க லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவுலயே அறுந்துருச்சு. வைஃபை, லேன் கேபிள், லேப்டாப்போட வைஃபை கார்டு, ரவுட்டரே ரீபூட் ஆனது, இந்த நாலுல ஒன்னு. ரவுட்டர் விண்டோ மட்டும் 1, 2 மில்லிசெகண்ட்னு அழகா ஓடிக்கிட்டு மத்த ரெண்டும் நின்னுட்டா ஃபைபர் லைன், இல்லன்னா கம்பெனி பக்கம். முதல் ரெண்டும் ஓடி 8.8.8.8 மட்டும் நின்னா கம்பெனியையும் தாண்டி வெளிய எங்கயோ பிரச்சனை, உங்களால ஒன்னும் பண்ண முடியாது. எதுவுமே நிக்கல, ஆனா 8.8.8.8ல 10 மில்லிசெகண்ட் இருந்தது 400, 900, 2000னு எகிறுதுன்னா நெட் கட்டே ஆகல, க்யூல மாட்டிக்கிச்சு, அது ஸ்டெப் 6. மூணும் சூப்பரா ஓடுது ஆனா ப்ரௌசர்ல மட்டும் சைட் திறக்கலன்னா சைட் பேரை நம்பரா மாத்தி குடுக்குற டிஎன்எஸ் (DNS)தான் பிரச்சனை, லேப்டாப்லயோ ரவுட்டர்லயோ டிஎன்எஸ்ஸ 1.1.1.1, 8.8.8.8னு மாத்திட்டு கிளம்புங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில கம்பெனி மெஷின் பிங்குக்கு பதிலே சொல்லாது, இல்லன்னா வேணும்னே லேட்டா சொல்லும், நடுவுல இருக்க விண்டோல டைம் அவுட் வந்தாலும் 8.8.8.8 ஒழுங்கா ஓடிச்சுன்னா அத கண்டுக்காதீங்க.

இதே மூணு பிங்கை டவுன்லோட் எதுவும் போடாம ராத்திரி முழுக்க ஒரு தடவ ஓட விட்டுப் பாருங்க. "டவுன்லோட் போட்டா மட்டும்தான் கட் ஆகுது"ன்னு நம்ம நினைச்சுக்கிட்டு இருப்போம், காலையில பாத்தா சும்மா இருக்கும்போதும் பத்து தடவ அறுந்திருக்கும், நம்ம தூங்கிட்டு இருந்ததால தெரியல. அப்படி இருந்தா லோடு மேல பழி போட்டு பிரயோஜனம் இல்ல, லைன்தான் வீக்.

ஸ்டெப் 3: மூணு விண்டோவும் நின்னுச்சா? ஒரு லேன் கேபிளை சொருகுங்க

லேப்டாப்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு ரவுட்டர்ல இருந்து நேரா கேபிள் போட்டு அதே டவுன்லோடை ஓட்டுங்க. கேபிள்ல நிக்காம ஓடினா குத்தம் வைஃபைல, இங்கயே சரி பண்ணலாம்.

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைல ஓடும், முதல் சந்தேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அபார்ட்மென்ட்ல வைஃபை லிஸ்டை திறந்தா இருபது முப்பது பேர் வரும், அத்தன பேரும் உருப்படியா மோதாம இருக்குற 1, 6, 11ங்கிற மூணே மூணு சேனலுக்குள்ள நெருக்கியடிச்சுட்டு கிடக்காங்க. ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அவன் எல்லாமே இதே இடத்துலதான். சும்மா மெசேஜ் பாக்க இது தாங்கும், ஒரு மணி நேரம் ஃபுல் ஸ்பீட்ல இழுத்தா தாங்காது. ரவுட்டர் செட்டிங்ஸ்ல (ப்ரௌசர்ல அந்த டிஃபால்ட் கேட்வே நம்பரை அடிச்சா வர்ற அட்மின் பக்கம்) 5 கிகாஹெர்ட்ஸுக்கு தனி பேர் வச்சு லேப்டாப்பை அதுல மட்டும் சேத்து விடுங்க. ரெண்டுக்கும் ஒரே பேர் இருந்தா லோடு நேரத்துல லேப்டாப் அங்கயும் இங்கயும் தாவும், தாவுற அந்த நேரத்துல டவுன்லோட் அந்து போகும், நம்ம அத "நெட் கட்"னு சொல்லுவோம்.

5 கிகாஹெர்ட்ஸ்லயும் சேனலை ஆட்டோல விடாதீங்க. 52ல இருந்து 144 வரைக்கும் இருக்க சேனல்ல ரேடார் சிக்னல் மாதிரி எதையாவது கேட்டா ரவுட்டர் அந்த சேனலை விட்டு வெளியேறியே ஆகணும், அது விதி. அந்த மாதிரி சேனல்ல திரும்ப வைஃபையை விடுறதுக்கு முன்னாடி குறைஞ்சது ஒரு நிமிஷம் காதை தீட்டிட்டு காத்திருக்கணும். காரணமே இல்லாம 5 கிகா மட்டும் ஒரு நிமிஷம் காணாம போய் வருதுன்னா இதுதான். 36, 40, 44, 48, இல்லன்னா 149க்கு மேல ஒன்ன கையாலேயே செட் பண்ணிருங்க.

அடுத்தது நிறைய பேருக்கு தெரியாத விஷயம். டவுன்லோட் பண்றத யூஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போடுறீங்களா? யூஎஸ்பி 3 கேபிளும் போர்ட்டும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், இன்டெல் கம்பெனியே 2012ல இத அளந்து பேப்பர் போட்டிருக்கு. டிஸ்க்ல ஃபைல் எழுத எழுத பக்கத்துல இருக்க வைஃபை ஆன்டெனாவோட காது அடைச்சுக்கும், வயர்லெஸ் மவுஸ் கூட திக்கும். டவுன்லோட் நேரத்துல மட்டும் வைஃபை போறதுக்கு இதைவிட கச்சிதமான காரணம் கிடைக்காது. ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்போட அந்தப் பக்க போர்ட்டுக்கு மாத்தி கொஞ்சம் தள்ளி வைங்க, இல்லன்னா 5 கிகாவுக்கு போயிருங்க.

லேப்டாப் பக்கம் பாத்தா, டிவைஸ் மேனேஜர்ல வைஃபை கார்டோட ப்ராபர்ட்டீஸ் போய் பவர் மேனேஜ்மென்ட் டேப்ல "பவர் மிச்சம் பண்ண இந்த டிவைஸை ஆஃப் பண்ணலாம்"ங்கிற டிக்கை எடுத்து விடுங்க (சில புது லேப்டாப்ல அந்த டேபே இருக்காது, அப்போ விட்டுருங்க). டிரைவரை லேப்டாப் கம்பெனி சைட்ல இருந்து புதுசா எடுத்து போடுங்க. விண்டோஸ் 10, 11ல கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து netsh wlan show wlanreportனு அடிச்சா கடைசி மூணு நாள்ல வைஃபை எப்போ எப்போ அறுந்தது, என்ன காரணம்னு ஒரு பக்கமா படம் போட்டு குடுத்துரும். சிவப்பு புள்ளி எத்தனை இருக்குன்னு பாருங்க, அதுலயே பாதி கதை தெரிஞ்சுரும்.

ஸ்டெப் 4: கேபிள்லயும் கட் ஆகுதுன்னா அந்த கேபிளையே சந்தேகப்படுங்க

நெட்வொர்க் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீட் 1000ன்னு காட்டுதா 100ன்னு காட்டுதான்னு பாருங்க. ரவுட்டரும் லேப்டாப்பும் கிகாபிட் போர்ட்டா இருந்து 100 காட்டுனா கேபிளுக்குள்ள ஏதோ ஒரு ஜோடி வயர் சரியில்ல. 1000க்கு நாலு ஜோடியும் வேணும், 100க்கு ரெண்டு ஜோடியே போதும், அதனால ஒரு வயர் லூசானாலும் நெட் வரும், ஆனா நொண்டி அடிக்கும். லோடுல லிங்க் 1000க்கும் 100க்கும் மாறி மாறி விழும்போது ஒவ்வொரு தடவையும் சில செகண்ட் கட் ஆகும். கேட் 5இ இல்லன்னா கேட் 6, செம்பு கம்பி போட்ட கேபிளா வாங்குங்க. கடையில விலை கம்மியா தர்றதுல நிறைய அலுமினியத்து மேல செம்பு முலாம் பூசினது, கதவு இடுக்குல நாலு தடவ நசுங்குனா உள்ள ஒடிஞ்சுரும், வெளிய ஒன்னும் தெரியாது. கேபிள் மாத்தியும் அதேன்னா ரவுட்டர்ல வேற போர்ட்.

ஸ்டெப் 5: ரவுட்டரே மயக்கம் போடுது

ரவுட்டர் அட்மின் பக்கத்துல அப்டைம்னு ஒன்னு இருக்கும். கட் ஆனதுக்கு அப்புறம் அது சைபர்ல இருந்து ஆரம்பிச்சிருந்தா பாக்ஸ் ரீபூட் ஆயிருக்கு, சந்தேகமே வேண்டாம். காரணம் மூணுல ஒன்னு.

முதல்ல அடாப்டர். பெரும்பாலான பாக்ஸ் 12 வோல்ட், 1 ஆம்பியர்ல இருந்து 2 ஆம்பியர் வரைக்கும் கேட்கும், ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். அடாப்டர் லேபிள்ல இருக்க ஆம்பியர் அதுக்கு சமமாவோ அதிகமாவோ இருக்கணும், வோல்ட் மட்டும் அச்சா அதேதான் இருக்கணும். வருஷக்கணக்கா ஓடின அடாப்டர்ல உள்ள இருக்க கெபாசிட்டர் வத்திப்போயிருக்கும், சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும், வைஃபையும் சிப்பும் முழுசா உழைக்கிற நேரத்துல கரன்ட் இழுத்தா வோல்டேஜ் சரியும், பாக்ஸ் ரீபூட் ஆகும். அதனால மல்டிமீட்டர் வச்சு வெறும் அடாப்டரை அளந்துட்டு "12 இருக்கே"ன்னு விட்டுராதீங்க. கரன்ட் கட்டுக்காக மினி யூபிஎஸ் போட்டிருக்கீங்களா? அத கழட்டிட்டு ஒரிஜினல் அடாப்டர்ல நேரா ஓட்டி பாருங்க. மினி யூபிஎஸ் பாட்டரி பழசானா இதே வேலையத்தான் காட்டும், யாரும் அத சந்தேகப்படவே மாட்டாங்க, ஏன்னா அத வாங்குனதே நெட் கட் ஆகக்கூடாதுன்னுதான்.

ரெண்டாவது சூடு. ரவுட்டர் டேட்டாஷீட்டை பாத்தா நிறைய மாடலுக்கு 0ல இருந்து 40 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யிற வெப்பம்னு போட்டிருப்பாங்க. சென்னையிலயோ வேலூர்லயோ மே மாசம் மதியம் ரூமே அந்த கணக்கை நெருங்கும். இதுல டிவி ஸ்டாண்டுக்குள்ள, சூடா இருக்க செட்டாப் பாக்ஸ் மேல, அதுக்கும் மேல தூசி விழாம இருக்க அம்மா போட்ட எம்ப்ராய்டரி துணி. பாக்ஸை தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியலன்னா வேற விளக்கம் வேண்டாம். வெளிய எடுத்து சுவத்துல மாட்டி, ஒரு டேபிள் ஃபேனை அது மேல திருப்பி விட்டு அதே டவுன்லோடை ஓட்டுங்க. ஃபேன் இருந்தா கட் ஆகல, இல்லன்னா கட் ஆகுதுன்னா விடை கிடைச்சாச்சு.

மூணாவது டோரன்ட்காரங்களுக்கு. வீட்ல இருந்து வெளிய போற ஒவ்வொரு கனெக்ஷனையும் ரவுட்டர் ஒரு டேபிள்ல எழுதி வச்சுக்கும், கம்பெனி குடுக்குற சாதா பாக்ஸ்ல அந்த டேபிளும் சின்னது, மெமரியும் கம்மி. டோரன்ட் ஒரே நேரத்துல நூத்துக்கணக்குல ஆளுங்களோட பேச ஆரம்பிக்கும், டேபிள் ரொம்பினதும் புது கனெக்ஷனுக்கு இடம் இல்ல. இதுக்கு அடையாளம் ஒன்னு இருக்கு, ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கது ஓடும், ஆனா புதுசா எந்த சைட்டும் திறக்காது. க்யூபிட்டோரன்ட்ல மொத்த கனெக்ஷன் லிமிட் 500ன்னு இருக்கும், அத 150, 200க்கு இறக்குங்க, ஒரு டோரன்ட்டுக்கு 40, 50 போதும். ஸ்பீட் பெருசா குறையாது.

இந்த மூணும் இல்லன்னா ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 6: கட் ஆகல, க்யூல நிக்குது

நான் பாத்த வரைக்கும் "டவுன்லோட் போட்டா நெட் கட் ஆகுது"ன்னு சொல்ற கேஸ்ல கணிசமானது இந்த வகைதான். லைன் அறுக்கவே இல்ல, ஆனா வீட்ல இருக்க மத்தவங்களுக்கு வீடியோ கால் உறைஞ்சு போகும், கேம்ல தூக்கி வெளிய போட்டுரும். இதுக்கு பேர் பஃபர்ப்ளோட். ரேஷன் கடையில ஒருத்தர் தெருவுல இருக்க எல்லா கார்டையும் கையில வச்சுக்கிட்டு முன்னாடி நிக்கிறாரு, பின்னாடி நிக்கிற உங்களுக்கு ஒரு கிலோ சர்க்கரைதான் வேணும், ஆனாலும் அவரு முடிச்சாதான் நீங்க. ரவுட்டருக்குள்ளயும் கம்பெனி மெஷினுக்குள்ளயும் அப்படி ஒரு நீள க்யூ இருக்கு, டவுன்லோட் அத ரொப்பி வச்சுரும், உங்க வீடியோ காலோட சின்ன பாக்கெட் கடைசில நிக்கும்.

அப்லோடு பக்கம் இது இன்னும் மோசம். எந்த டவுன்லோடா இருந்தாலும் "வந்துருச்சு, அடுத்தத அனுப்பு"ன்னு நம்ம பக்கத்துல இருந்து பதில் போயிக்கிட்டே இருக்கணும், அது அப்லோடு வழியாத்தான் போகும். அப்லோடு அடைச்சுக்கிச்சுன்னா டவுன்லோடும் படுத்துரும். யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் ஆகுற பிபிபிஓஇ (PPPoE) லைன்னா இன்னொரு ஆபத்தும் இருக்கு, ரவுட்டரும் கம்பெனி மெஷினும் "உயிரோட இருக்கியா"ன்னு அப்பப்போ கேட்டுக்கும், அந்த பதிலும் க்யூல மாட்டி லேட்டாச்சுன்னா செத்துட்டான்னு முடிவு பண்ணி லைனை நிஜமாவே வெட்டிரும். ரவுட்டர் லாக்ல எல்சிபி (LCP), பிபிபி (PPP) டவுன்னு வந்தா இது நடந்திருக்க வாய்ப்பு நிறைய. அதனால வீட்ல யாரு அப்லோடு பண்றாங்கன்னு தேடுங்க. கிளவுட்ல வீடியோ ஏத்துற சிசிடிவி கேமரா, கூகுள் போட்டோஸ் பேக்கப், டோரன்ட் சீடிங், அப்புறம் விண்டோஸ் அப்டேட்ல டெலிவரி ஆப்டிமைசேஷன்னு ஒன்னு இருக்கு, அதுல இன்டர்நெட்ல இருக்க மத்த பிசிக்கும் குடுக்குற ஆப்ஷன் ஆன்ல இருந்தா உங்க லேப்டாப்ல இருந்து ஊர்ல இருக்கவங்களுக்கெல்லாம் அப்டேட் பங்கு போட்டு குடுக்கும், ஆஃப் பண்ணிருங்க.

மருந்து ரொம்ப எளிசு, க்யூ உருவாகவே விடாம இருக்கணும். டவுன்லோட் பண்ற சாஃப்ட்வேர்லயே ஸ்பீட் லிமிட் போடுங்க, 100 எம்பிபிஎஸ் பிளான்னா 80, 85க்கு நிறுத்துங்க. ஸ்டீம்ல அதுக்கு செட்டிங் இருக்கு, எல்லா டோரன்ட் சாஃப்ட்வேர்லயும் இருக்கு, ஆனா மெகாபிட்டா மெகாபைட்டான்னு பாத்து போடுங்க, 80 மெகாபிட்ங்கிறது 10 மெகாபைட். வீட்ல எல்லாருக்கும் ஒட்டுமொத்தமா வேணும்னா ரவுட்டர்ல எஸ்க்யூஎம் (SQM)னு க்யூவை ஒழுங்குபடுத்துற செட்டிங் இருக்கான்னு பாருங்க, ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt)ங்கிற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர் போட்ட ரவுட்டர்ல கேக் (cake), எஃப்க்யூ கோடெல் (fq_codel)னு ரெண்டு முறை கிடைக்கும், எது போட்டாலும் பெரிய டவுன்லோடையும் சின்ன காலையும் தனித்தனி வரிசையில நிக்க வச்சு மாத்தி மாத்தி அனுப்பும். சாதா ரவுட்டர்ல அதே வேலைக்கு க்யூஓஎஸ் (QoS)னு இருக்கும், சிலதுல உருப்படியா வேலை செய்யும், சிலதுல பேருக்குத்தான் இருக்கும், ஆன் பண்ணி மறுபடி பிங் ஓட்டிப் பாத்தாதான் தெரியும். எஸ்க்யூஎம் போட்டா ரவுட்டர் சிப்புக்கு வேலை கூடும், விலை கம்மியான ரவுட்டர்ல 300 எம்பிபிஎஸ் லைன் 150க்கு இறங்கிப்போகலாம், அது தெரிஞ்சே பண்ணுங்க.

ஸ்டெப் 7: ஃபைபர்

ரவுட்டர் பிங் ஓடுது, மத்ததெல்லாம் நிக்குது, லாஸ் லைட்டும் சிவப்பாகுதுன்னா இங்க வாங்க. அட்மின் பக்கத்துல ஆப்டிக்கல் இன்ஃபோ இல்லன்னா பான் ஸ்டேட்டஸ்னு இருக்கும், அதுல ஆர்எக்ஸ் பவர் (Rx Power)னு மைனஸ்ல ஒரு நம்பர் இருக்கும், டிபிஎம் (dBm) கணக்குல, பாக்ஸுக்கு எவ்ளோ வெளிச்சம் வந்து சேருதுங்கிற அளவு அது. ஜிபான் (GPON, வீட்டு ஃபைபர்ல பரவலா இருக்க முறை) லைன்ல மைனஸ் 8ல இருந்து மைனஸ் 27 வரைக்கும்தான் பாக்ஸால சரியா படிக்க முடியும். மைனஸ் 15ல இருந்து 24 வரைக்கும் இருந்தா நிம்மதியா இருக்கலாம், 25, 26ன்னா விளிம்புல தொங்குது, 27ஐ தாண்டினா தப்பு தப்பா படிக்க ஆரம்பிக்கும். மைனஸ் ங்கிறதால 18 நல்லது, 27 மோசம், இத தலைகீழா புரிஞ்சுக்காதீங்க. 3 குறைஞ்சாலே வெளிச்சம் பாதி போச்சுன்னு அர்த்தம். நல்லா இருக்கும்போது ஒரு தடவ, கட் ஆகும்போது ஒரு தடவ போட்டோ எடுத்து வைங்க, ரெண்டுக்கும் நடுவுல 2, 3 வித்தியாசம் இருந்தா எங்கயோ மடங்கியிருக்கு இல்லன்னா ஜாயின்ட் ஆடுது.

அப்புறம் டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடி டார்ச் அடிச்சு பாருங்க. மிச்சம் இருக்க ஃபைபரை சின்ன வட்டமா சுத்தி கேபிள் டையால இறுக்கி கட்டி ஆணியில தொங்க விட்டிருப்பாங்க, இல்லன்னா பாக்ஸ்ல சொருகுற இடத்துலயே சுவத்துல முட்டி எல் மாதிரி மடங்கி நிக்கும். ஃபைபர் அவ்ளோ சின்னதா மடங்குனா வெளிச்சம் அந்த வளைவுலயே வெளிய கசிஞ்சுரும். கட்டை அவுத்து, டீ சாசரை விட சின்ன வட்டம் வராத மாதிரி லூசா விடுங்க. பச்சை கலர் முனையை கழட்டி ஊதுறது, சட்டையில துடைக்கிறது வேண்டாம், இருக்கிறதும் போயிரும். கழட்டுன முனையை கண்ணுல வச்சு பாக்குறது சுத்தமா கூடாது, உள்ள வர்றது கண்ணுக்கு தெரியாத லேசர்.

ஸ்டெப் 8: எல்லாம் சரி, ஆனா சாயங்காலம் மட்டும்

ஒரு ஜிபான் லைன்ல கீழ வர்ற மொத்தமே சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அத ஸ்ப்ளிட்டர் வச்சு 32, 64 வீட்டுக்குன்னு பிரிச்சு குடுப்பாங்க. ஏழு மணியில இருந்து பதினொன்னு வரைக்கும் எல்லாரும் உக்காந்தா, அதுக்கு மேல கம்பெனிக்காரர் வாங்கி வச்சிருக்க பேண்ட்வித்தும் பத்தலன்னா, நீங்க வீட்ல என்ன பண்ணாலும் சரியாகாது. காலையில அஞ்சு மணிக்கு அதே டவுன்லோடை ஓட்டி பாருங்க, அப்போ நிக்காம ஓடினா இதுதான். மாசக்கடைசில மட்டும் பிரச்சனைன்னா எஃப்யூபி (முழு ஸ்பீட்ல குடுக்குற டேட்டா அளவு) முடிஞ்சிருச்சான்னு ஆப்ல பாருங்க, அன்லிமிடெட்னு போட்டிருந்தாலும் நிறைய பிளான்ல 3300 ஜிபிக்கு மேல ஸ்பீட் இறக்கிருவாங்க.

ஸ்டெப் 9: கம்ப்ளைன்ட் போடும்போது

"நெட் அடிக்கடி கட் ஆகுது"ன்னு மட்டும் சொன்னா வர்றவரு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி, "பாருங்க சார் 100 வருதே"ன்னு காட்டிட்டு கிளம்பிருவாரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது, அவரு நின்ன நேரத்துல கட் ஆகல. அதனால இப்படி சொல்லுங்க: "லேன் கேபிள்ல நேரா போட்டிருக்கேன், ரவுட்டர் பிங் ஓடுது, அடுத்த மெஷின் பிங் நின்னுருது, அந்த நேரத்துல ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 27க்கு போகுது, டைம் போட்ட போட்டோ வச்சிருக்கேன்". வந்தா லைன்ல பவர் மீட்டர் வச்சு அளக்க சொல்லுங்க, வீட்டு முனையில ஒரு தடவ, தெரு பாக்ஸ்ல ஒரு தடவ, அப்போதான் டிராப் வயரா (தெருவுல இருந்து வீட்டுக்கு வர்ற வயர்) மெயின் லைனான்னு தெரியும். பேட்ச் கார்டும் (பாக்ஸ்ல சொருகுற குட்டி ஃபைபர் வயர்) முனையும் மாத்துறது அவங்க வேலை, பெரும்பாலும் அதுலயே முடிஞ்சுரும். பாக்ஸ்தான் சூடாகி ரீபூட் ஆகுதுன்னு தெரிஞ்சா, அது கம்பெனி குடுத்த பாக்ஸா இருக்க பட்சத்துல, மாத்தி குடுங்கன்னு கேளுங்க.

போன்ல பேசுனதோட விடாதீங்க, டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கி வைங்க. அந்த நம்பர் இருந்தாதான், ஒழுங்கா தீர்க்கலன்னா அதே கம்பெனியோட அப்பலேட் அத்தாரிட்டிக்கு மேல்முறையீடு போட முடியும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி எல்லா கம்பெனியும் அப்படி ஒன்ன வச்சிருக்கணும், அதுக்கு காசும் கிடையாது. அந்த அட்ரஸ் கம்பெனி சைட்ல அடியில எங்கயாவது சின்ன எழுத்துல இருக்கும். ரெண்டு நாள் பிங் ரிசல்ட்டையும் ஆர்எக்ஸ் பவர் போட்டோவையும் சேத்து மெயில்ல போடுங்க, லைன் சரியாகி அதே 80 ஜிபி டவுன்லோடை கேபிள்ல ஒரு தடவ முழுசா ஓட்டி பாத்த பிறகு மட்டும் கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் பண்ண ஓடிபி சொல்லுங்க.